மூன்றாவது நாசில்

"அப்பா உள்ள இழுத்துக்கிட்டுக் கிடக்காரு, நீ இங்க ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே! மனுஷப் பிறவியாடி நீ?"

"கத்தாதண்ணே. அவருதான் கேட்டாரு."

"என்ன கேட்டாரு? பாலா, தண்ணியா?"

"வண்டிச் சத்தம்."

மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன் கொட்டகைக் கதவைச் சாத்தப் போனான். அதற்குள் தெருவுக்குக் காது முளைத்துவிட்டது.

அப்பா ஓட்டிக்கொண்டிருந்த லாரி அது; அவருக்குக் கண் மங்கிய வருஷம் கொட்டகைக்குள் ஏறியது. பிறகு அதில் எலிகள்தான் குடித்தனம் நடத்தின. கல்யாணத்துக்கு நிற்கிற பெண், மாப்பிள்ளை பார்க்க விடாமல் வாரக்கணக்கில் லாரிக்கு அடியில் படுத்துக்கிடக்கிறாளே என்று அக்கம்பக்கத்துக்கு ஏக வருத்தம். அவளோ கெட்டுப்போன டீசலை வடித்து, பம்ப்பைக் கழுவி, குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றி, இரவல் பேட்டரியையும் மாட்டிவிட்டாள்.

சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இருமியது, வெள்ளைப் புகையைக் கக்கியது, பிடித்துக்கொண்டது.

அண்ணன் சண்டையை மறந்தான். "ஓடுதுடி! வா, அவரு கையப் பிடிச்சுக்க."

"உதறுதுண்ணே. இதைக் கேட்டா என்ன சொல்வாரு?"

"சாகப்போற மனுஷன் என்னடி சொல்லப்போறாரு?"

"திட்டுவாரு."

அது நிஜம்தான். உதறுகிற இன்ஜினைக் காட்டி அந்த வீட்டில் யாரும் நல்ல பெயர் வாங்கியதில்லை. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களை ஒவ்வொன்றாக நட்டைத் தளர்த்திப் பார்த்தாள். முதலாவதைத் தளர்த்தியதும் சத்தம் தொய்ந்தது, அடுத்ததற்கும் அப்படியே. மூன்றாவதற்கு ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் வேலை செய்யாத சோம்பேறி. வண்டியை அணைத்தாள்.

"இதோ வந்துடறேன்னு சொல்லுண்ணே."

அண்ணன் உள்ளே போனான். திரும்பி வரவில்லை.

நாசிலைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, மறுபடி பூட்டினாள். இந்த முறை இன்ஜின் வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்பா வைப்பதுபோல் மட்கார்டின்மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாள், அலைகூட இல்லை. எதிர்வீட்டு டெய்லர் சுவருக்கு மேல் எட்டி, "அடேயப்பா, பச்சைக் குழந்தை தூங்கறாப்ல இருக்கே!" என்றார்.

கிரீஸ் கையோடு உள்ளே ஓடினாள். அம்மா போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள், தேவைக்கு மேலாகவே.

"நீ வண்டிய நிறுத்தினியே, அப்பவே போயிட்டாரு."

"முதல்ல ஓடினதைக் கேட்டாராம்மா?"

"கேட்டாரு. மூஞ்சியச் சுளிச்சாரு." அம்மா போர்வை ஓரத்தை மடித்தாள். "வலியோ என்னவோ. எனக்கென்னடி தெரியும்."

வெளியே வண்டி சீராக ஓடிக்கொண்டே இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள், "யாரு வேலை? பிரமாதம்" என்று வாசலில் விசாரித்துவிட்டுத்தான் முகத்தை மாற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். நிறுத்தத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. அவள் கட்டிலின் கால்மாட்டை விட்டு எழவில்லை. டீசல் தீர்ந்து தானாக நின்றது.

லாரியை அண்ணன் எடைக்குப் போட்டான்; அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாமனார் ஊருக்கே குடிபோனான். பேட்டரி இரவல் தந்த பம்ப் மெக்கானிக்கைத்தான் அவள் கட்டுவாள் என்று தெரு பந்தயமே வைத்திருந்தது. அவளோ மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாதவர். அவர் ஸ்கூட்டரில்தான் இப்போது போகிறாள், வருகிறாள். சிக்னலில் நின்றதும் பின்னாலிருந்து கைநீட்டி, சாவியைத் திருப்பி, சீராக ஓடுகிற வண்டியை அணைத்துவிடுகிறாளாம். பச்சை விழுந்து, பின்னால் நிற்பவர்கள் ஹார்ன் அடித்தாலும் அவர் ஏனென்று கேட்பதில்லை.