ராணியின் சப்பாத்து

"அம்மா, சப்பாத்து காலுக்கா, கைக்கா?" என்று இனாசியா ஐந்து வயதில் ஒருமுறை கேட்டாள்.

ரியோ நகரில் அடிமைகள் காலில் சப்பாத்து ஏறக்கூடாது. துறைமுகத்தில் பல வருஷம் கூழ் விற்று, தனக்கும் மகளுக்கும் விடுதலைச் சீட்டு வாங்கிய அன்றே பெனடீட்டா ஒரு ஜோடி வாங்கிவிட்டாள். முப்பது வருஷம் வெறுங்காலாய் நடந்து விரிந்த பாதம் அதற்குள் அடங்க மறுத்தது. அதனால் ஞாயிறுதோறும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, தலை நிமிர்ந்து கோயிலுக்குப் போவாள்.

"கைக்குத்தான்டி. பாக்கறவங்க கண்ணுக்கும்" என்றாள் மகளிடம்.

இந்த வருஷம் ஜெபமாலை மாதா திருவிழாவுக்குக் கறுப்பர் சபை பெனடீட்டாவை ராணியாகத் தேர்ந்தெடுத்தது. ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே சப்பாத்தோடு நடந்து, கொப்புளம் உடைந்து, தோல் காய்த்து, ஒருவழியாகச் சப்பாத்தும் இளகி, கால் பழகியது. திருவிழாவுக்கு முந்தின மதியம் கோயில் முற்றத்தில் தகரக் கிரீடத்தோடு நடந்து காட்டினாள்.

"வாத்து நடை போயி மயில் நடை வந்துருச்சே, ராணியம்மா" என்றார் மேளக்காரர் டொமிங்கோஸ்.

"நீ மேளத்தப் பாருய்யா. என் கால எதுக்குப் பாக்கற?"

சிரிப்பு அடங்குவதற்குள் இரண்டு பேர் தூளியில் ஓர் உடலைக் கொண்டுவந்து படியில் இறக்கிவிட்டுப் போனார்கள். சலவைக்காரி ருஃபீனா. கடைசிவரை அடிமை. எஜமானர் வீட்டிலிருந்து ஒரு முழத் துணிகூட வரவில்லை. ஆனால் சபையில் பெயர் கொடுத்தவள். அவளைக் கௌரவமாக அடக்கம் செய்வது சபையின் கடமை.

பெனடீட்டா கிரீடத்தைக் கழற்றினாள். "நான் குளிப்பாட்டறேன். யாரும் உள்ள வர வேணாம்."

பெனடீட்டாவின் தாய்ப்பால் எஜமானியின் குழந்தைக்கு என்றாகிவிட்ட அந்த வருஷம், பசித்து அழுத இனாசியாவைத் தன் பிள்ளையோடு சேர்த்து மார்பில் போட்டுக்கொண்டவள் இந்த ருஃபீனாதான். ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஒருமுறை துவைக்கும் இடத்தில் பெனடீட்டாவின் சப்பாத்துக்குப் பக்கத்தில் தன் பாதத்தை வைத்துப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான், அக்கா" என்றாள்.

"போட்டுத்தான் பாரேன்."

"என் சீட்டு வரட்டும். அப்பறம் போடறேன்."

பெனடீட்டா அந்தப் பாதங்களைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் போகத் துடைத்தாள். தன் சப்பாத்தைக் கழற்றி ஒவ்வொன்றாக அவற்றில் மாட்டினாள். சரியாகப் பொருந்தின. மேலே வெள்ளைத் துணியைப் போர்த்தி, கால் பக்கமிருந்து நெருக்கமாகத் தைத்துக்கொண்டு வந்தாள்.

"சீட்டு வந்துருச்சு, ருஃபீனா" என்று மெல்லச் சொல்லி நூலைக் கடித்தாள்.

வெளியே அடக்கத்துக்கான மேளம் தொடங்கியது. கிரீடத்தை எடுத்து வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். வெயிலில் கொதித்த கல்தரையில், வெறுங்காலோடு, அதே மயில் நடை.