நாடாத் தடம்

நாடாவை அம்மா இழுக்கிறாள், மூச்ச உள்ள இழுடி என்கிறாள், இழுக்கிறேன், போதும்மா வலிக்குது, வலிக்கட்டும், செங்கலத் தூக்கி ரெண்டு கையும் தலைக்கு மேல இருக்கப்போ பாவாடை நழுவுனா எந்தக் கையால பிடிப்ப, மானம் போயிரும்டி, முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு, அதை அவள் போட்டு முடிப்பதற்குள் டாக்டரம்மா அவிழ்க்கச் சொல்கிறார், ஆஸ்பத்திரித் திரைக்குப் பின்னால் நிற்கிறேன், எனக்கே தலை நரைத்துவிட்டது, முடிச்சில் கை வைக்கவே பயம், இடுப்பில் நாவல்பழம் நசுங்கியதுபோல ஊதாவாகத் தடித்துக் கிடப்பதைப் புருஷனுக்கும் காட்டியதில்லை, வீட்டில், கூட வந்திருக்கும் செல்லத்தாய் மதினி மட்டும் பார்த்திருக்கிறாள், பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள், அம்மா கட்டடச் சாரத்துக்கு அடியில் மயங்கி விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் கூட நின்றவள் அவள்தான்.

அன்றைக்கு அம்மாவின் முடிச்சு அவிழவில்லை, நர்ஸ் கத்தரியால் நறுக்கினாள், இடுப்பைச் சுற்றிக் கறுத்த தடம், ஒரு பக்கம் வாய் பிளந்த புண், அதில் அம்மாவே மஞ்சளை அப்பி வைத்திருந்தாள், எத்தனை நாளாகவோ, புற்று என்றார்கள், அதோடு போய்விட்டாள். நாடா உரசிப் புண்ணானால் இன்னும் இறுக்கிக் கட்டு, அசையாது, உரசாது, இதுதான் சித்தாள்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வைத்தியம், அம்மா செய்தாள், நானும் செய்தேன், எனக்கும் அதே இடம், அதே பக்கம், போன வாரம் கிள்ளியெடுத்த சதைத் துணுக்கின் முடிவு இன்றைக்கு டாக்டரம்மா கையில் இருக்கிறது, அவர் படிக்கிறார், படித்துக்கொண்டே இருக்கிறார், சாமி, என் பிள்ளைகள்.

புத்து இல்லம்மா, உரசி உரசிச் சின்னச் சின்ன ரத்தக்குழாயாப் பெருகித் தோல் தடிச்சுப்போச்சு, அவ்வளவுதான், நாடாவ விட்டுட்டு அகலப்பட்டி வச்ச பாவாடையாத் தளர்வாக் கட்டுங்க, ஆறிரும். ஆறிருமா டாக்டர்? ஆறிரும். மதினி கையெடுத்துக் கும்பிடுகிறாள், எனக்குச் சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை, அம்மாவுக்கும் முதலில் இப்படி ஊதாவாகத்தானே இருந்திருக்கும், அப்போதே யாராவது தளர்த்திவிட்டிருந்தால்.

பஸ்ஸில் மதினி தோளில் சாய்கிறேன், கண் சொருகுகிறது, அம்மா செங்கல் சுமந்து சாரம் ஏறிக்கொண்டிருக்கிறாள், ஓடிப்போய் அவள் இடுப்பைப் பிடிக்கிறேன், நாடாவை நான் இழுக்கிறேன், ஆறிருமாம்மா, அவுத்தா ஆறிருமாம், அவள் நெளிகிறாள், விடுடி, கூசுது, மேஸ்திரி பாக்குறாரு, பாத்தாப் பாக்கட்டும்மா, அசையாம நில்லும்மா என்று கத்துகிறேன், முடிச்சு நகத்துக்குக்கூட அகப்படவில்லை, அவள் அடுத்த படியில் கால் வைக்கிறாள்.