பென்சில்காரருக்கு ஒரு ரப்பர்

அந்த வயலின்காரரின் சொந்தப் பெயர் ஸ்டூடியோவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பென்சில் என்றால் வாசல் காவலாளி முதல் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருஷமாக அவர் வலது காதில் ஒரு பென்சில் செருகியிருக்கும். இசைக்குறிப்புத் தாளில் அவசரத்தில் யாராவது ஒரு சுரத்தைத் தப்பாக எழுதியிருந்தால், வாசிக்கும் முன்பே அவர் கண்ணில் பட்டுவிடும். உடனே எழுந்து நின்று ஊரைக் கூட்டமாட்டார். பென்சிலை எடுப்பார், திருத்துவார், பின்னால் இருக்கிறவர்களுக்குக் கண்ணைக் காட்டுவார். எழுதியவருக்கே தெரியாமல் எழுதியவரின் மானம் காப்பாற்றப்பட்டுவிடும்.

அந்தப் பென்சிலின் முனையில் ரப்பர் கிடையாது. பக்கத்து நாற்காலிக்காரர் ஒருமுறை கேட்டதற்கு, "அழிக்கிற வேலை நமக்கு எதுக்குய்யா?" என்றாராம். திமிர்தான். ஆனால் தப்பே செய்யாத மனுஷனின் திமிரை யார் கேட்பது?

அன்று காலை வீட்டிலேயே மனைவி சொல்லித்தான் அனுப்பினாள்.

"இன்னைக்கு ஒருநாள் அந்தப் பென்சில வெச்சிட்டுப் போங்களேன். அவ வேலைல போய் மூக்க நுழைக்காதீங்க."

"நான் எதுக்கு நுழைக்கப் போறேன்?" என்றார் அவர், பென்சிலைச் சீவிக்கொண்டே.

காரணம் இருந்தது. அன்றைய பாட்டுக்கு இருபத்திரண்டு பேர் வாசிக்க வேண்டியதை எல்லாம் எழுதியிருந்தது அவர்களுடைய மகள். மெட்டு இசையமைப்பாளருடையது. அதற்குப் பின்னால் வயலின்களும் செல்லோக்களும் என்ன செய்ய வேண்டும் என்பதை மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியது அவள். முதல் வாய்ப்பு. இசையமைப்பாளர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்: "இது சரியா வந்தா மீதி அஞ்சு பாட்டும் நீயே எழுதும்மா. வரலன்னா பழையபடி நம்ம சீனியர்கிட்டயே குடுத்துடுவேன். தப்பா நெனச்சுக்காத."

வழியில் மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அங்க நான் உங்கள அப்பான்னு கூப்பிட மாட்டேன்ப்பா."

"கூப்பிடாத. நானும் மேடம்னுதான் சொல்லுவேன்."

"ஐயோ, மேடமெல்லாம் வேணாம்ப்பா."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்." எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி எப்போது சொல்லலாம் என்று அவர் இரண்டு நாளாகவே யோசித்து வைத்திருந்தார்.

ஸ்டூடியோவில் ஏசி வழக்கம்போல எலும்பைத் தொட்டது. தரையில் ஒயர்களை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஆளாளுக்கு ஹெட்போனை ஒரு காதில் மாட்டி, மறு காதைத் தங்கள் வாத்தியத்துக்கு விட்டுக்கொண்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர், சவுண்டு இன்ஜினியர், நடுவில் மகள். மேஜை உயரத்துக்கு அவள் நெற்றியும் கண்ணும்தான் தெரிந்தன. அதைப் பார்த்ததற்கே அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இரண்டாம் வயலின்களுக்கு அவர்தான் தலைவர். எட்டுப் பேர், இரண்டு பேருக்கு ஒன்றாக நான்கு தாள் ஸ்டாண்டு. தாளைக் கண்ணால் மேய்ந்துகொண்டே போனவர் முப்பத்தொன்றாவது பார் என்ற கட்டத்தில் நின்றார்.

பாட்டு முழுக்க எஃப் ஷார்ப், அதாவது அரைச் சுரம் மேலே ஏற்றிய எஃப். இங்கே மட்டும் ஷார்ப்பை நீக்கி வெறும் எஃப். அதுவும் நான்கு எண்ணிக்கைக்கு நீளமாக. மேலே முதல் வயலின்கள் பக்கத்துச் சுரமான ஈ-யைப் பிடித்துக்கொண்டிருக்கும். கீழே இவர்கள் எஃப் பிடித்தால் இரண்டும் உரசிக்கொண்டு கிடக்கும். வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டும்போது அந்தக் குறியும் கூடவே வந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் எழுதுகிறவர்களுக்கு இது சகஜம்.

வாய்விட்டுக் கேட்கலாமா? முன்னால் இருக்கும் மைக் எல்லாம் உயிரோடு இருந்தன. கேட்டால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளருக்கும் கேட்கும். முதல் நாள், முதல் பாட்டு, பெற்ற அப்பனே தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னான் என்று ஆகிவிடும்.

கை தானாகக் காதுக்குப் போயிற்று. ஷார்ப்பை நீக்கும் நேச்சுரல் குறியை அடித்து ஷார்ப் போட்டார். பின்னால் திரும்பி, விரலால் மூன்று, ஒன்று என்று காட்டினார். மற்ற மூன்று ஸ்டாண்டிலும் பென்சில்கள் அசைந்தன. பக்கத்து நாற்காலிக்காரர், "பாப்பா தப்பிச்சுது" என்று உதடசைத்தார்.

முதல் டேக் ஒரே மூச்சில் போனது. இன்ஜினியர் கட்டை விரலைத் தூக்கினார். இசையமைப்பாளரின் குரல் ஹெட்போனில் வந்தது. "பியூட்டிஃபுல். ஓகே."

வில்கள் இறங்கின. அப்போது மகளின் குரல் கேட்டது.

"ஒரு நிமிஷம். செகண்ட் வயலின்ஸ், முப்பத்தொண்ணுல என்ன வாசிச்சீங்க?"

பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். "எஃப் ஷார்ப், மேடம்." எத்தனை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த ‘மேடம்’. இப்படியா வெளியே வரவேண்டும்?

"பேப்பர்ல என்ன இருக்கு?"

"பேப்பர்ல நேச்சுரல். பென்சில்ல ஷார்ப்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இசையமைப்பாளர் குறுக்கிட்டார். "அவர் மாத்தினா சரியாத்தான் இருக்கும்மா. என்னையே எத்தன தடவ காப்பாத்தியிருக்கார் தெரியுமா? டேக் நல்லா வந்திருக்கு. போலாம்."

மகளின் குரல் மறுபடி வந்தது.

"இல்ல சார். நான் எழுதினதுதான் வேணும். அவங்க அத அழிச்சிட்டு வாசிக்கணும்."

குரல் லேசாக நடுங்கியது மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவருக்குத் தெரிந்தது. இருபத்தோரு தலைகள் அவர் பக்கம் திரும்பின. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘ஷார்ப்தான் சரி’ என்றால் இசையமைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், டேக் முடிந்துவிடும். அவள் சொல்கிறபடி வாசித்து அது காதைக் குத்தினால் ஐந்து பாட்டும் போயிற்று. அவருக்கு அந்த எஃப் இன்னமும் தப்பாகத்தான் பட்டது. ஆனால் அவள் கேட்டது அவர் அபிப்பிராயத்தை அல்ல. எழுதியவள், எழுதியதை வாசிக்கச் சொல்கிறாள்.

அவர் எழுந்து நின்றார்.

"யார்கிட்டயாவது ரப்பர் இருக்கா?"

பென்சில்காரர் ரப்பர் கேட்பதை அங்கே யாரும் பார்த்ததில்லை. செல்லோ வாசிக்கும் பெண் தன் கைப்பையைத் துழாவி, ஸ்ட்ராபெரி வடிவத்தில் ஒரு வாசனை ரப்பரை நீட்டினாள். அவர் கண்ணாடிக்கு நேராகத் தாளைத் தூக்கிப் பிடித்து, எல்லோரும் பார்க்கும்படி அழித்தார். ரப்பர் நான்கு ஸ்டாண்டும் சுற்றி வந்தது.

"ரெடி, மேடம்."

"தேங்க்ஸ்ப்பா..." குரல் தடுக்கியது. "தேங்க்ஸ், சார்."

ஹால் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கியதும் ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக் ஓடத் தொடங்கியது. முப்பத்தொன்று வந்தபோது அவர் வெறும் எஃப்பை அரைகுறையாக வாசிக்கவில்லை. வில்லை முழுசாக இழுத்து, தன் சொந்தச் சுரம் என்பதுபோல வாசித்தார். உரசத்தான் செய்தது. பக்கத்து நாற்காலிக்காரரின் முகம் சுளித்தது.

"இப்ப வாய்ஸோட எல்லாருக்கும் போட்டுக் காட்டுங்க" என்றாள் மகள்.

ஹெட்போனிலிருந்து குரல் மைக்கில் கசியும் என்று வாத்தியக்காரர்களுக்குப் பாடகியின் பாட்டைக் கொடுக்க மாட்டார்கள். அதுவரை அவர்கள் கேட்டதெல்லாம் கிளிக்கும் கீபோர்டும்தான். ஸ்பீக்கரில் இப்போது பாட்டு முழுசாக வந்தது. முப்பத்தொன்றில் பாடகி ‘போ’ என்ற ஒரே சொல்லை இழுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். போ என்றுதான் சொல்கிறாள்; ஆனால் அடியில் அந்த எஃப் வந்து உரசியதும், போகாதே என்று கேட்டது.

பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த எடத்த இன்னொரு தடவ போடு" என்றார் இசையமைப்பாளர். போட்டார்கள். மூன்றாம் தடவையும் போட்டார்கள். பிறகு அவர் ஹாலுக்குப் பேசும் பொத்தானை அழுத்தியபடியே மகளிடம் சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது. "மீதி அஞ்சு பாட்டையும் நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்கோம்மா."

வயலின்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பது வருஷத்தில் எத்தனையோ பேரைத் திருத்தியிருக்கிறார். ஒரு நாளும் இத்தனை சந்தோஷம் வந்ததில்லை. சும்மா இருக்க முடியவில்லை. "பாத்தியாய்யா," என்றார் பக்கத்து நாற்காலிக்காரரிடம், பின்வரிசைக்கும் கேட்கும்படி. "என்னையே திருத்திட்டா!"

"பாப்பாவுக்கு மூக்கு மட்டும்தான் உங்களதுன்னு நெனச்சேன். காதும் வந்திருக்கு."

"என்னுது இல்லைய்யா. என் காது இத விட்டுடுச்சே. இது அவளுதே."

எல்லோரும் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்தார்கள். செல்லோக்காரப் பெண் வந்து நின்றாள்.

"சார், அந்த ரப்பர்... எங்க பாப்பாவோடது. காணோம்னா வீட்டையே ரெண்டாக்கிடுவா."

அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"பாப்பாவுக்கு நான் புதுசா ரெண்டு வாங்கித் தர்றேம்மா. இது எங்கிட்டயே இருக்கட்டும். எம் பொண்ணு இன்னும் அஞ்சு பாட்டு எழுதப் போறா."