நூற்றில் இரண்டு பேர்

தையல் ஃபேக்டரியில் மிஷின் நின்றுவிட்டால் எல்லாரும் தேடுவது மெக்கானிக்கைத்தான். அவன் வந்து குனிந்து பார்த்தாலே பாதி பழுது பயந்து ஓடிவிடும் என்று தைக்கிற பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவன் அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டதே இல்லை. அவனுக்குத் தெரிந்த வேதம் ஒன்றே ஒன்று: எது எதோடு உராய்ந்தாலும் அங்கே ஒரு சொட்டு எண்ணெய். அவன் வீட்டில் கதவுக் கீலோ மகளின் சைக்கிளோ ஒரு நாளும் கிறீச்சிட்டதில்லை.

அந்த வீட்டில்தான் மனைவிக்கு நாள் தள்ளிப்போனது. மருந்துக்கடையில் வாங்கிவந்த பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. மற்ற வீடுகளில் வாயெல்லாம் பல்லாகிற சமாசாரம் இது. இங்கே அது உயிர்ப் பயம். மகள் பிறந்தபோதே மனைவியுடைய இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருப்பது தெரிந்துவிட்டது. இன்னொன்று சுமந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டரம்மா அப்போதே முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். புருஷன் ஒரு சின்ன ஆபரேஷன் செய்துகொண்டால் கவலை விட்டது என்றும் சொன்னார். பார்க்கலாம் என்றான் மெக்கானிக். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், இவன் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கத்தி என்றால் அவ்வளவு தைரியம்.

அதற்குப் பதிலாக ஆணுறையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டான். அதில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது. காலாவதித் தேதி பார்த்து வாங்குவான். வெயில் படாத அலமாரியில் வைப்பான். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் வேண்டாமே என்று கெஞ்சியதே கிடையாது. இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவளே நினைத்திருக்கிறாள்.

“நான் சரியாத்தானே போட்டேன்?” என்றான், பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு.

எவ்வளவு சரியாகப் போட்டாலும் ஒரு வருடத்தில் நூறு பெண்களில் இரண்டு பேருக்குத் தங்கிவிடுமாம், மகள் பிறந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கே நர்ஸ் சொன்னாள் என்று அவள் சொன்னாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கணக்கைப் பார்த்தான்.

“அந்த ரெண்டு பேரு கவனமில்லாதவங்களா இருப்பாங்க. என் கையில அது நடக்காது.”

சொன்ன வார்த்தை எங்கே கொண்டுபோய் விடும் என்று மறுநாள் ஃபேக்டரியில்தான் அவனுக்குப் புரிந்தது. தன் வேலையில் பழுது இல்லை என்றால் பழுது வேறு எங்கேயோ இருக்கிறது. அவள் ஒரு பெயிண்ட் கடையில் பில் போடுகிறாள். மழை நாட்களில் கடை வேன் டிரைவர் அவளைத் தெருமுனையில் இறக்கிவிடுவான். அந்த டிரைவரை இவன் இரண்டு தடவை பார்த்திருக்கிறான், சிரித்த முகம். அதுவரை தோன்றாத குற்றமெல்லாம் அந்தச் சிரிப்பில் தோன்ற ஆரம்பித்தது. அன்றைக்கு ஒரு மிஷினைப் பழுது பார்க்கிறேன் என்று அதன் திருகாணியையே முறித்துவைத்தான்.

முதுகு வலிக்கிறது என்று பொய் சொல்லி அவன் கூடத்தில் படுக்க ஆரம்பித்தான். அவளுக்கோ மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. தான் செத்துப்போனால் மகளுக்கு யார் தலைவாருவார்கள் என்பதே அவள் நினைப்பாக இருந்தது. ஒரு காலையில் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தவளிடம் அவன், வேனில் எத்தனை பேர் வருவீர்கள் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டான். சீப்பு அப்படியே நின்றது. மகளை வெளியே போய் செருப்பு மாட்டச் சொல்லிவிட்டு அவள் திரும்பினாள்.

“மூணு பேரு வருவோம். வேற என்ன கேக்கணுமோ அதையும் கேட்டுடுங்க.”

அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

இரண்டு பேரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை. கருவைக் கலைத்துத்தான் ஆகவேண்டும், இதயம் இருக்கிற நிலையில் அதுவும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் செய்யவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். அப்போதுதான் மெக்கானிக் வாயைத் திறந்தான்.

“டாக்டர், அது வேலை செய்யலைன்னா நோய் ஏதாவது தொத்தியிருக்குமா? எனக்கும் ரத்தம் பாத்துடலாமா?”

அவள் திரும்பி அவனையே பார்த்தாள். சாவுக்குப் பயந்து வந்தவளுக்கு இதற்குப் பயப்படத் தோன்றியிருக்கவில்லை. டாக்டரம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். முறையாகப் போட்டால் எய்ட்ஸ் கிருமி மாதிரியானவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடும், தோலோடு தோல் பட்டுப் பரவுகிற நோய்களை அந்த அளவுக்குத் தடுக்காது. உங்கள் இரண்டு பேருக்குள் மட்டும்தானே, அப்புறம் நோய் எங்கிருந்து வரும் என்றும் கேட்டார். அவன் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தான். எப்படிப் பயன்படுத்துகிறீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றார் அவர்.

இது தெரிந்த பாடம். மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்து, தேதி பார்ப்பதில் தொடங்கி வரிசையாகச் சொன்னான். “இவளுக்கு எரிச்சலா இருக்குன்னு சொன்னா. அதனால மேலால கொஞ்சம் எண்ணெய். பாப்பாவுக்குத் தேய்ச்சது மிச்சம் இருந்துச்சு.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். “எண்ணெய் பட்டா அந்த ரப்பர் சீக்கிரமே பலம் போயிடும். கிழியும், கண்ணுக்குத் தெரியாம ஓட்டையும் விழும். தண்ணி சேத்த ஜெல்லுதான் போடணும். எத்தனை நாளா எண்ணெய்?”

கோடை ஆரம்பத்திலிருந்து என்றான் அவன். ஃபேக்டரியில் மிஷினின் ரப்பர் பெல்ட்டில் எண்ணெய் பட்டுவிட்டால், ரப்பர் கெட்டுப்போகும் என்று மற்றவர்களைத் திட்டித் தீர்ப்பவன் இவன். வீட்டில் மட்டும் அது மண்டையில் ஏறவில்லை. சரியாகப் போடுகிறவர்களே கம்மி, சாதாரணமாக ஜனங்கள் போடுகிற லட்சணத்துக்கு வருடத்தில் நூற்றுக்குப் பத்துப் பதிமூன்று பேருக்குத் தங்கிவிடுகிறது, இதற்காக நொந்துகொள்ள வேண்டாம் என்று டாக்டரம்மா சமாதானம் சொன்னார்.

வெளியே ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் இதயப் பரிசோதனைக்காகக் காத்திருந்தார்கள். வெட்கம்கெட்ட மனசு, முதலில் அவனுக்கு வந்தது நிம்மதிதான். மார்மேல் இருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துவிட்டது போல இருந்தது. மனைவியின் உயிர் ஊசலாடுவது அதற்கப்புறம்தான் உறைத்தது.

“எண்ணெயாலதான் ஆயிருக்கு. என் தப்புதான்,” என்றான். அவள் கையைப் பிடிக்கப் போனான்.

அவள் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்பாக இருந்தது.

“டாக்டரம்மா எண்ணெயைப் பத்திக் கேக்காமயே விட்டிருந்தா? நான் செத்திருந்தாலும் சந்தேகத்தோடதானே தூக்கிப் போட்டிருப்பீங்க?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும். அது பொய் என்று அவனுக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரியும் என்பதும் தெரிந்தது.

நர்ஸ் வந்து கூப்பிட்டாள். அவனும் எழுந்து நின்றான். பெஞ்சின் விளிம்பைப் பிடித்து மெல்ல எழுந்த அவள், அவன் இங்கேயே இருக்கட்டும் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.