மலர்கொடிக்குக் கட்டிக் கொடுத்த பொட்டலம்

1

1971 தை மாதத்தில் ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு சத்து மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். இந்தக் கதை அதனால்தான் வந்தது. முத்துப்பேட்டைக்கு மேற்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது நான் கம்பவுண்டர். அவள் பெயர் மலர்கொடி. அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்று இங்கே எழுதுவதில் பாதி என் ஊகம்.

2

‘கதிர் முற்றிய ஒரு பொன்னிறக் காலையில்…’

(வேண்டாம். அந்தக் காலையில் களத்துமேட்டில் போலீஸ் வேன் நின்றது.)

கூலி உயர்வு கேட்டு ஆட்கள் அரிவாளைத் தொடவில்லை. பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கினார். மறித்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் மலர்கொடியின் புருஷன் தங்கையனும் ஒருவன். குழந்தை பிறந்து முப்பத்தெட்டு நாள். “வந்துடுவான், அழாத” என்று தெருவே தேற்றியது. அவள் கலங்கியது அதற்கில்லை. அவன் வீட்டில் இருந்தபோதே, வயிற்றில் ஏழு மாதமாகும்போதே அது தொடங்கிவிட்டது. தூக்கம் போயிற்று. இப்போது குழந்தையோடு வாய்க்கால் பக்கம் போனால் கை நழுவும் என்று தோன்றுகிறது. நழுவுமா, நழுவ விடுவோமா? அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

“வேப்பில அடிச்சா சரியாயிடும், பூசாரிகிட்ட போவம்” என்றாள் நாத்தனார் ரெங்கம்மாள்.

மலர்கொடி குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு வரப்பு வழியே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

3

சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். “என்னம்மா, ஆபரேஷனுக்கா?” என்றேன்.

“இல்லீங்க. என் கையப் பாத்தா எனக்கே பயமா இருக்குங்க.”

“கையில என்ன, சொறியா?”

“ஒண்ணுமில்லீங்க. புள்ளையத் தூக்குனா ஏதாச்சும் பண்ணிப்புடுவனோன்னு இருக்கு. இதுக்கு வைத்தியம் இருக்குங்களா?”

தஞ்சாவூரில் அதற்கென்று டாக்டர் உண்டு எனக் கேள்விப்பட்டிருந்தேன். அங்கே அனுப்பும் சீட்டில் என்ன எழுதுவது? பைத்தியம் என்றா? அவள் அப்படித் தெரியவில்லை. எனக்கு…

“ரத்தம் கம்மி” என்றேன்.

அவள் பொட்டலத்தை வாங்கி, ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

4

இந்த இடத்தில் நஃபீசா என்றொரு நர்ஸை நுழைத்து மூன்று தடவை எழுதினேன். அவள் மலர்கொடியைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைக்கிறாள். “இது நோவு. ஒன் குத்தம் இல்ல. நானும் கூட வர்றேன்.” இருவரும் தஞ்சாவூர் பஸ் ஏறுகிறார்கள்.

எழுதி முடித்ததும் நிம்மதியாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். அன்று அங்கே டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. நான்தான் இருந்தேன்.

5

ஒன்பது வருஷம் கழித்து மன்னார்குடி பஸ் நிலையத்தில் தங்கையனைப் பார்த்தேன். வழக்கு நடந்த நாளில் சுற்றுவட்டாரமே அறிந்த முகம். பக்கத்தில் ஒரு சிறுமி.

“அம்மா வரலியா பாப்பா?”

“அம்மா தஞ்சாவூர்ல இருக்காங்க.”

வேலைக்கா, வைத்தியத்துக்கா? எத்தனை நாளாக? ஒரு நாள் அது எனக்கு நல்ல சேதியாகப் படுகிறது, மறுநாள் அப்படியில்லை. தங்கையனின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அவர்கள் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். புறப்பட இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்பதானால், இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது.