காமாக்ஷியின் தோட்டத்துக்குத் தண்ணீர்

கற்பூரத் தட்டைக் கீழே வைத்த பிறகுதான் கோபாலசுப்பிரமணியனுக்கு உறைத்தது. புத்தக அடுக்கின் உச்சியில், மஞ்சள் பட்டுத் துண்டின்மேல், சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது காமாக்ஷியின் டேப்லெட்.

"போச்சு போ" என்றார். தியாகராஜ நகர் வீட்டில் அதைக் கேட்க வேறு ஆள் இல்லை.

சரஸ்வதி பூஜையில் வைத்த எதையும் மறுநாள் காலை புனர்பூஜை ஆகாமல் எடுக்கக் கூடாது. காமாக்ஷி இருந்தவரை இந்த விஷயத்தில் தாட்சண்யமே கிடையாது. ஒரு வருஷம் இவர் தன் மூக்குக் கண்ணாடியைப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துவிட்டு, நாள் முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்போதும் மனைவியின் மனம் இளகவில்லை. "ஒரு நாள் குருடா இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது" என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய வருஷாப்தீகம் முடிந்து வந்திருக்கும் முதல் பூஜை இது. அவள் வைத்தது போலவே வைக்க வேண்டும் என்று பாராயணப் புத்தகங்கள், சுருதிப் பெட்டி, கத்தரிக்கோல் என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். கடைசி இரண்டு மூன்று வருஷங்களாக அவள் டேப்லெட்டையும் மேலே வைப்பாள். கை அதையும் வைத்துவிட்டது. மூளை அந்த நேரத்தில் எங்கே போயிருந்ததோ.

வேறு வருஷமாக இருந்தால் பரவாயில்லை. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த டேப்லெட்டில் இருக்கும் தோட்டம் இல்லாமல் போகப்போகிறது.

டயாலிசிஸுக்குப் போய்வந்த காலத்தில் காமாக்ஷிக்கு நாலு மணி நேரம் படுத்த படுக்கையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. டொராண்டோவில் இருக்கும் மகள் ஸ்னேகா இந்த டேப்லெட்டை வாங்கிக் கொடுத்து, அதில் ஒரு தோட்ட விளையாட்டையும் போட்டுக் கொடுத்தாள். செடி வைக்க வேண்டும், தினமும் தண்ணீர் விட வேண்டும், விடாவிட்டால் தலை தொங்கிவிடும். அம்மா தோட்டத்துக்கு அடுத்த வேலியில் ஸ்னேகாவும் ஒரு தோட்டம் போட்டாள். பக்கத்துத் தோட்டத்தை எட்டிப் பார்க்கலாம், ஆனால் அடுத்தவர் செடிக்குத் தண்ணீர் விட முடியாது. அப்படி ஒரு சட்டம்.

செடிகளுக்கெல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள். காமாக்ஷி தன் இஷ்டத்துக்குப் பெயரை மாற்றினாள். வெள்ளையாக இருந்தால் நந்தியாவட்டை, சிவப்பாக இருந்தால் செம்பருத்தி. ஆரஞ்சு நிறத்தில் ஒன்று இருந்தது. அது கனகாம்பரமாம், வாசனையில்லாத பூவாம், வைக்க மாட்டாளாம். "திரையில எந்தப் பூவுக்குடி வாசனை?" என்று இவர் கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒரு நாள் போனில் பணம் கட்டி, தோட்டத்துக்குக் கல் பெஞ்சு வாங்கினாள். பாங்க்கிலேயே உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவருக்கு வயிறு எரிந்தது. இல்லாத பெஞ்சுக்கு இருக்கிற காசைக் கொடுப்பதாவது என்றார். "ஆயுசு பூரா நீங்க பார்த்ததும் கம்ப்யூட்டர்ல நம்பர்தானே? அதை என்னிக்காவது தொட்டேளா?" என்றாள் அவள்.

அவள் போன பிறகு பதின்மூன்றாம் நாள் டேப்லெட்டைத் திறந்து பார்த்தார். செடியெல்லாம் தொங்கிக் கிடந்தது. ஸ்னேகா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதைப் பார்ப்பாளே என்று தோன்றியது. தண்ணீர் விட்டார். அன்றிலிருந்து விடிந்ததும் காபி, உடனே தண்ணீர். நாளாக ஆக அதுவும் ஒரு உத்தியோகமாகிவிட்டது. சலிப்பாக இருந்தது. விட்டால் வாடிவிடும், வாடினால் மகள் பார்ப்பாள். ஒரு நாள் காய்ச்சலில் எழுந்திருக்கவே பத்து மணியாகிவிட்டது. நல்லவேளையாக அடுத்த வீட்டு பாபநாசம் சர்க்கரை கேட்டு வந்து கதவைத் தட்டி எழுப்பினார்.

ஸ்னேகாவின் தோட்டம் மட்டும் எப்போதும் பச்சைப் பசேலென்று இருந்தது. தினமும் வருகிறாள் என்று தெரிந்தது. ஆனால் அப்பாவுக்குப் போன் செய்வது மாதம் ஒரு தடவை, அதுவும் சாப்பிட்டியா தூங்கினியா என்று இரண்டு நிமிஷம். விளையாடப் பொழுதிருக்கிறது, பேசப் பொழுதில்லை. அந்தக் குறையை அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அது உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

போன மாதம் கம்பெனியிடமிருந்து அறிவிப்பு வந்தது. விளையாட்டை மூடுகிறார்கள், கையிருப்பில் இருக்கும் காசு திரும்ப வராது, இதுவரை ஆடியதற்கு நன்றி. மூடிய விளையாட்டுகளைச் சேர்த்துவைக்கும் கூட்டம் ஒன்று உலகமெங்கும் இருக்கிறது என்று அவர் தேடிக் கண்டுபிடித்தார். அவர்கள் வழி சொன்னார்கள். மூடுவதற்கு முன்னால் சொந்தக்காரர் உள்ளே போய், தோட்டம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு நகல் எடுத்துவிட்டால் போதும், பிறகு தங்கள் இயந்திரத்தில் அதை அப்படியே நிறுத்திவைத்துக் காட்டுவார்கள். கடவுச்சொல் காமாக்ஷியோடு போய்விட்டது. இந்த டேப்லெட்டில் மட்டும்தான் கதவு திறந்து கிடந்தது. நாளைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அதற்குமேல் தள்ள முடியாது என்ற நாளில், அதைக் கொண்டுபோய்ச் சரஸ்வதியிடம் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் முழுக்கப் பூஜைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டேப்லெட்டின்மேல் ஒரு முழம் கனகாம்பரம் கிடந்தது. காலையில் வாசலுக்கு வந்த பூக்காரி செல்லக்கிளி கொடுத்தது.

"பிச்சிப்பூ வெல ஏறிக் கெடக்கு சாமி. இதக் கொண்டுட்டுப் போங்க, நாளைக்கும் வாடாது" என்றாள். "சில்லற இல்ல, போன்லயே அடிச்சு விடுங்க."

ஓய்வுபெறுமுன் கடைகடையாக ஏறி, போனில் பணம் வாங்கப் பழகுங்கள் என்று கெஞ்சியவர் அவர். இப்போது பூக்கூடைக்குள்ளிருந்து ஒரு பெட்டி அவர் கொடுத்த தொகையைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னது. அதைக் கேட்கவும் அலுப்பாக இருந்தது.

ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது போன் அடித்தது. ஸ்னேகா.

"அப்பா, உடம்புக்கு என்ன?" குரல் பதறியது.

"ஒண்ணுமில்லையே. நன்னாத்தான் இருக்கேன்."

"நிஜமா? நேத்து ராத்திரி அசந்து தூங்கிட்டேன். இங்கே இப்பதான் விடிஞ்சுது, எழுந்து பார்த்தா அம்மா தோட்டத்துல செடியெல்லாம் தொங்கிண்டிருக்கு. நீ இன்னிக்குத் தண்ணி விடலை."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான்தான் விடறேன்னு உனக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? பெஞ்சு ஓரத்துல கனகாம்பரம் வரிசையா நிக்கறது. அம்மா வைப்பாளா அதை?"

ஒரு நாள் விட்டாலும் அந்தச் செடி தாங்கும் என்றுதான் வைத்தார். காமாக்ஷிக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்று நினைத்தபடியேதான் வைத்தார்.

"டேப்லெட் பூஜையில இருக்கு. கை வச்சுடுத்து. தோட்டத்துக்கு நகல்கூட எடுக்கலை" என்றார். "இப்ப எடுத்துடறேன். குத்தம்னா என் தலையோட போகட்டும்."

போனை ஒரு கையில் பிடித்தபடி எழுந்துபோய்க் கனகாம்பரச் சரத்தை விலக்கினார். குங்குமம் திரையில் ஈஷியது.

"எடுக்காதே அப்பா."

"ஐஞ்சு மணிக்கு எல்லாம் போயிடும்."

"போகட்டும். நகல்ல செடி வாடாது. யாரும் தண்ணி விட வேண்டாம். எனக்கு அது எதுக்கு?"

அவருக்குக் கோபம் வந்தது. "உங்கம்மா வச்சதுடீ. ஊசி குத்தின கையோட வச்சது."

"தெரியும்பா. ஆனா நான் தினம் பார்த்தது அம்மா வச்சதையில்லை, நீ தண்ணி விட்டியான்னுதான். இங்கே ராத்திரி பார்க்கறப்போ செடி நிமிர்ந்திருந்தா அப்பா எழுந்தாச்சு, காபி குடிச்சாச்சுன்னு நெனச்சுண்டு படுத்துப்பேன். ஒரு நாள் பத்து மணி வரைக்கும் விடலை. பயந்துபோய்ப் பாபநாசம் மாமாவுக்குப் போன் பண்ணினேன்."

அவர் அப்படியே பூஜைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். சர்க்கரை வியாதிக்காரர் எதற்குச் சர்க்கரை கேட்டு வந்தார் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

"விளையாடப் பொழுதிருக்கு, என்னோட பேசப் பொழுதில்லைன்னு நெனச்சேன்" என்றார். சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது, தானாக வந்துவிட்டது.

"பேசினா ரெண்டு பேரும் அம்மாகிட்டதான் போய் நிப்போம். அதுக்குத் தெம்பில்லைப்பா எனக்கு. என் தோட்டம் நன்னா இருக்கறதை நீ பார்ப்பே, அது போறும்னு நெனச்சேன்."

போனை யாரும் வைக்கவில்லை. அவர் டேப்லெட்டைத் தொடாமல், சரத்தை மட்டும் பழையபடி அதன்மேல் எடுத்துவைத்தார். தெருக்கோடி ஆட்டோ ஸ்டாண்டில் ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைக்கும் சத்தம் கேட்டது.

"என் போன்ல வெள்ளையாயிடுத்துப்பா" என்றாள் ஸ்னேகா. "போயிடுத்து."

அவர் பூஜையைப் பார்த்தார். இங்கே எதுவும் மாறவில்லை. டேப்லெட் காலையிலிருந்து இருட்டாகத்தான் இருந்தது.

"இனிமே எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"கார்த்தால நான் போன் பண்றேன்."

"பண்ணி என்ன பேசறது?"

"ஒண்ணும் பேச வேண்டாம். தண்ணி விட்டாச்சுன்னு சொல்லிட்டு வச்சுடறேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நானும் விட்டாச்சுன்னு சொல்றேன்" என்றாள்.