ஒன்பது அங்குலம் வந்த வீடு

பக்கத்து வீடு முதன்முதலாக நகர்ந்தது, ஒரு மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் இந்த வீட்டை விலைக்குப் பார்க்க வந்திருந்த நாளில், காலை பத்தரை மணிக்கு. நகர்ந்தது ஒரு அங்குலம். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் மேல் வைத்திருந்த தேநீர்க் கோப்பை அசையவில்லை. மருந்துக்கடைக்காரர் அப்போது அந்தப் பாழடைந்த வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் அவர் கண்ணில் பட்டது இடிந்த கூரையும், சுவரைப் பிளந்து வளர்ந்த அத்திமரமும், புறாக்களும் மட்டும்தான். யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வார்த்தைக்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம்தான். நகர்ந்ததைக் கண்டவர் வீட்டுக்காரர் ஒருவரே. கீழே பக்கவாட்டு அறையில், பொதுச் சுவரை ஒட்டி ஒன்பது அங்குலச் சதுரக் கற்கள் ஒரு வரிசை பதித்திருந்தது. காலையில் முழுதாக இருந்த அந்த வரிசையில் இப்போது எட்டு அங்குலம்தான் வெளியே தெரிந்தது. மிச்சம் சுவருக்கு அடியில் போயிருந்தது. கல்லில் ஒரு கீறல் இல்லை.

வீட்டுக்காரர் நில அளவைத் துறையில் நாற்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் அவரைச் சங்கிலிக்காரர் என்பார்கள், நேரில் சொல்லமாட்டார்கள். நூறு கண்ணிகளும் அறுபத்தாறு அடி நீளமும் கொண்ட இரும்புச் சங்கிலியால் அந்த வட்டாரத்தின் பாதி வயல்களை அளந்தவர். அவர் ஊன்றிய எல்லைக்கல்லைப் பற்றி வழக்கு என்று யாரும் படியேறியதில்லை. அந்தக் குடும்பத்தில் நிமிர்ந்த முதுகும் பேச்சு மாறாத நாக்கும் சொத்தோடு சேர்த்து எண்ணப்பட்டவை. இப்போது இரண்டு முழங்காலும் கைவிட்டுவிட்டன. இரண்டு நாள் பயணத் தூரத்தில் ஆசிரியையாக இருந்த மகள் ஒரு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். வீட்டை விற்று அப்பாவைக் கையோடு அழைத்துப் போவதென்று தீர்மானம். சுண்ணாம்பு உதிராத சுவர், துருப்பிடிக்காத கொக்கி, கண்ணாடி போன்ற தரை என்று அந்த வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதன் பக்கத்து வீட்டைத் தவிர.

இரண்டாவதாக வந்தவர் ஒரு அச்சகக்காரர். அன்றைக்கும் ஒரு அங்குலம். மூன்றாவது, நான்காவது என்று வாங்க யார் வந்தாலும் அத்திமரத்தோடும் புறாக்களோடும் பூட்டிய கதவோடும் அந்த வீடு ஓர் அங்குலம் உள்ளே வந்தது. யாரும் வராத நாட்களில் அசையாமல் நின்றது. இந்த வீடும் மூச்சை உள்ளிழுத்து வழிவிடுவது போலக் கூரையையும் உத்திரத்தையும் ஒடுக்கிக்கொண்டு இடம் கொடுத்தது. ஐந்தாவது ஆள் வந்த நாளில் பக்கவாட்டு அறைக் கட்டிலைக் குறுக்காகப் போட முடியவில்லை. தெருக்காரர்கள் முதலில் நம்பவில்லை. பிறகு அந்தப் பக்கம் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பிறகு, வீட்டை விற்றுத்தர வந்திருந்த பக்கத்து ஊர்த் தரகரிடம், இன்றைக்கு யாராவது வருகிறார்களா என்று கேட்டு, வேலையை ஒதுக்கிவிட்டு வந்து நின்றார்கள்.

தரகருக்கு வீடு நகர்வதில் புகார் இல்லை, அங்கிருந்து வந்த புறா எச்ச நாற்றத்தில்தான். "ஐயா, நீங்க இந்த வீட்டைத் தங்கத்துல இழைச்சாலும், பக்கத்துல அப்படி ஒண்ணு நின்னா வர்றவன் மூக்கைத்தான் பிடிப்பான். அது யாரோடதுன்னு சொன்னா நான் போய்ப் பேசிப் பாக்குறேன்" என்றார். யாரோ வெளியூர்க்காரர்களுடையது என்றார் சங்கிலிக்காரர். மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தரகர் போன பிறகு சொன்னாள்: "வீடு நடக்குதேன்னு எனக்குப் பயமில்லப்பா. அது எங்க வந்து நிக்கும்னு உங்களுக்குத் தெரியும்போல இருக்கே, அதுதான் பயமா இருக்கு."

அது அவருடைய தம்பி வீடு. தம்பி தையல்காரர். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் இரண்டு சங்கிலி அகலமுள்ள பூர்வீக மனையை இருவருக்கும் பாகம் பிரித்தபோது, சங்கிலிக்காரர் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தன் கையாலேயே ஒரு சங்கிலி அளந்து, அந்த இடத்தில் பொதுச் சுவர் எழுப்பினார். மிச்சம் தம்பிக்கு. தம்பி ஒரு வருடம் பொறுத்திருந்து, சுவரை ஒட்டித் தன் வீட்டைக் கட்டிக் குடிவந்த பிறகு, கழுத்தில் கிடந்த ஐந்தடி டேப்பை எடுத்து அளந்து பார்த்துவிட்டு வந்து நின்றார். "பதிமூணு டேப்பும் ஓரடியும் வரணும்ணே. பதிமூணு டேப்பும் மூணு அங்குலமும்தான் வருது. முக்கால் அடி குறையுது." அண்ணன் நாலு பேர் கேட்கச் சிரித்தார். "சட்டைக்கு அளவெடுக்கிற டேப்பை மண்ணுல வைக்காதேடா. தொப்பை விழுந்தா உன் அளவு மாறும். என் அளவு மாறாது." தம்பி, "இடம் போனாப் போகுதுண்ணே. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்" என்றார். வார்த்தை வரவில்லை. அந்த வாரமே தம்பி மனைவி மக்களோடு கதவைப் பூட்டிக்கொண்டு போனார். சங்கிலிக்காரரும் அதன்பின் அந்தச் சங்கிலியை வயலுக்கு எடுத்துப் போகவில்லை. புதிது ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதை எண்ணெய் பூசிப் பெட்டிக்குள் வைத்தார். எல்லோரும் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள்.

எட்டாவதாக வந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். அவர் பக்கவாட்டு அறையில் நிற்கும்போதே எட்டாவது அங்குலம் சுவருக்கு அடியில் போனது. அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "தினமும் அறுபது பேரை உக்கார வெச்சு ஓட்டுறவன் நான். நகர்றதுக்கெல்லாம் பயந்தா பொழைக்க முடியாது. வீடு எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா எல்லை எதுன்னு உங்க கையால எழுதிக் குடுங்க ஐயா. ஏன் நகர்ந்துச்சுன்னும் எழுதிடுங்க. நாளைக்கு எம்புள்ளைங்க கேட்டா காகிதத்தைக் காட்டணுமில்ல." விலையில் ஒரு காசு குறைத்துக் கேட்கவில்லை. சங்கிலிக்காரர் அன்று முழுவதும் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். எழுதினால் நாற்பது வருடப் பெயர் போகும். எழுதாவிட்டால் வீடு போகாது.

மறுநாள் மகளைச் சங்கிலிப் பெட்டியைத் தூக்கிவரச் சொல்லிப் பழைய அலுவலகத்துக்குப் போனார். அங்கே முற்றத்தில் சரியாக அறுபத்தாறு அடி இடைவெளியில் பித்தளை முனை பதித்த இரண்டு கற்கள் உண்டு. இழுத்து இழுத்துக் கண்ணிகள் விரிந்துபோகும் என்பதால் சங்கிலிகளை வருடத்துக்கொரு முறை அந்தக் கற்களுக்கு நடுவில் விரித்துப் பார்ப்பது விதி. தனக்குக் கீழே இருந்த அத்தனை பேர் சங்கிலியையும் அவர் அங்கே விரிக்கவைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தன் சங்கிலியை ஒரு தடவைகூட விரித்ததில்லை. சொல்ல மற்றவர்களுக்குத் தைரியம் இல்லை. செய்ய அவருக்குத் தோன்றவில்லை. அன்று விரித்தார். சங்கிலி இரண்டாவது கல்லைத் தாண்டிக் கிடந்தது. மூன்று முறை விரித்தார். மூன்று முறையும் ஒன்பது அங்குலம் தாண்டியது. அத்தனையும் தம்பியின் மண். வீடு திரும்பியதும் கடிதத்தில் ஒரே வரி எழுதினார்: தம்பி, உன் டேப்தான் சரி, வந்து பார்.

ஆறாம் நாள் தம்பி வந்தார். தலை முழுக்க நரை. கழுத்தில் டேப் கிடந்தது. அந்த வீட்டைப் பார்க்க வந்த ஒன்பதாவது ஆள் அவர். படியில் கால் வைத்ததும் பக்கத்து வீட்டுப் புறாக்கள் மொத்தமாக எழும்பி, சிறகை விரித்தபடி அந்தரத்தில் அப்படியே நின்றன. அவற்றுக்குக் கீழே வீடு நகர்ந்தது. முந்தைய எட்டு அங்குலங்களும் கண்மூடித் திறப்பதற்குள் வந்தவை. இந்தக் கடைசி அங்குலம் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. தெருவே திரண்டு நின்றது, ஒருவரும் இருமவில்லை. அத்தி இலைகளில் ஒன்றும் உதிரவில்லை. அண்ணனும் தம்பியும் பக்கவாட்டு அறையில் அருகருகே நின்று, தரைக்கல்லின் கடைசி விளிம்பு நூல் நூலாகச் சுவருக்கு அடியில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும், வயதானவர் உட்காரும்போது விடுவது போல ஒரு பெருமூச்சு சுவருக்குள்ளிருந்து வந்தது. அந்த வீடு போட்ட ஒரே சத்தம் அதுதான். புறாக்கள் இறங்கின.

தம்பி தன் மனைக்குள் போய் அளந்தார். மறுமுனையை அண்ணன் மகள் பிடித்தாள். பதின்மூன்று டேப்பும் ஓரடியும். "சரியா இருக்குண்ணே" என்றார். சங்கிலிக்காரர் வாசற்படியில் நின்று, தெரு கேட்க, "தப்பு என்மேலதான்டா. முப்பது வருசமா தப்பு என்மேலதான்" என்றார். "முப்பத்தொண்ணு அண்ணே. இதையாவது குறைச்சு அளக்காதீங்க" என்றார் தம்பி. மகள் முதலில் சிரித்தாள். பிறகுதான் மற்றவர்களுக்குத் துணிவு வந்தது.

பத்திரத்தோடு இணைத்த வரைபடத்தில் சங்கிலிக்காரர் தன் கையெழுத்தில் எழுதினார்: பொதுச் சுவர் ஒன்பது அங்குலம் கிழக்கே வந்திருக்கிறது, காரணம், முதல் அளவு என் பிழை, பக்கத்து வீடு தன் இடத்துக்கு வந்துவிட்டது. பதிவு அலுவலகக் குமாஸ்தா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இனிமே நகருமா?" என்று மட்டும் கேட்டார். நகராது என்றார் சங்கிலிக்காரர். குமாஸ்தா முத்திரை குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தம்பி பூட்டைத் திறந்து, அத்திமரத்துக்கு வழிவிட்டுக் கூரை வேய்ந்தார். பேருந்து ஓட்டுநர் குடிவந்த நாளில் பக்கவாட்டு அறையில் தன் கட்டிலைக் குறுக்காகப் போட்டுப் பார்த்தார். அவர் கட்டில் சங்கிலிக்காரர் கட்டிலைவிட ஒன்பது அங்குலம் குட்டை. கச்சிதமாக நின்றது.